பருவெட்டு: பல்லவர் உளியிலிருந்து மேசை இயந்திரம் வரை

மலர்க்குழு நண்பர் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஏதாவது எழுதிக் கொடுப்பா, பழைய ஹாஸ்டல் கதை மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே எட்டு வந்திடுச்சு" என்றார். எனக்கோ கதையும் தெரியாது, கவிதையும் தெரியாது. நாற்பது வருடம் இரும்பை வெட்டியவன். எனவே வெட்டுவதைப் பற்றியே எழுதுகிறேன். இயற்பியல் படித்தவனுக்கு வரலாற்றுக் கட்டுரையில் என்ன வேலை என்று வரலாற்றுத் துறை நண்பர்கள் கோபிக்க வேண்டாம். இதற்கு வித்திட்டவரே நமது கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியர்தான்.

1978-ஆம் ஆண்டு. நான் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. வரலாற்றுத் துறை மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போனது. பஸ்ஸில் நாலு இடம் காலி என்று எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள். ஐந்து ரதங்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் கடற்கரைக்கு ஓடப் பார்த்தோம். பேராசிரியர் விடவில்லை. ஊருக்கு மேற்கே, யாரும் எட்டிப் பார்க்காத வலையன்குட்டை ரதம், பிடாரி ரதங்கள் பக்கம் நடத்திக்கொண்டு போனார். மேலே விமானம் அழகாக வடிக்கப்பட்டிருக்கிறது. கீழே வரவரச் சொரசொரப்பாகி, அடியில் வெறும் பாறை.

"இது ஏன் முடியலைன்னு எல்லாரும் கேப்பாங்க. நீங்க அதைக் கேக்காதீங்கடா. எப்படி ஆரம்பிச்சான்னு கேளுங்க. முடிஞ்ச கோயில் அதைச் சொல்லாது. முடியாத கோயில்தான் சொல்லும்" என்றார்.

அன்று எனக்கு வெயில்தான் உறைத்தது. அந்தக் கேள்வி உறைக்க நாற்பது வருடம் ஆயிற்று.

கல் சொல்லும் பாடம்

எந்தப் பொருளையும் கட்டியிலிருந்து வெட்டி எடுக்கும் வேலையில் இரண்டு கட்டம் உண்டு. வேண்டாத பெரும்பகுதியை வேகமாகக் கழிப்பது முதல் கட்டம். கடைசி ஒரு மில்லிமீட்டரை நிதானமாக எடுத்து உருவத்தை வெளிக்கொணர்வது இரண்டாவது. முதலாவதைத் தொழிற்சாலையில் ரஃபிங் என்போம். எங்கள் அம்மா ரவைக்கு அரிசியை உடைக்கும்போது "பருவெட்டா இருக்கட்டும்" என்பார். அந்தச் சொல்லையே இங்கே வைத்துக்கொள்கிறேன்: பருவெட்டு. இரண்டாவது, நுண்வெட்டு.

பார்ப்பவர் மெச்சுவது நுண்வெட்டை. வேலை நிலைப்பதும் கெடுவதும் பருவெட்டில்.

காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பல்லவர்கள்தான் தமிழ்நாட்டின் வடபகுதியில் கெட்டியான கருங்கல்லைப் பெரிய அளவில் வெட்டத் துணிந்தவர்கள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி இந்தக் கோயிலை ஆக்கினேன் என்று மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமையோடு பொறித்து வைத்தான். மாமல்லபுரத்து ரதங்களை அவன் மகன் மாமல்லன் காலத்தவை என்று பலர் கொள்கிறார்கள். மாமல்லபுரத்துப் படைப்புகள் அனைத்துமே ராஜசிம்மனுடையவை என்று 1962-இல் இரா. நாகசாமி வாதிட்டார். அந்த வழக்கு எனக்கு வேண்டாம். யார் வெட்டச் சொன்னது என்பதைவிட எப்படி வெட்டினார்கள் என்பதே என் கவலை.

முடிவடையாத குடைவரைகளில் அது கண்ணெதிரே இருக்கிறது. பாறை முகப்பைச் சதுரம் சதுரமாகப் பிரித்திருக்கிறார்கள். சதுரத்தின் நாலு பக்கமும் உளியால் ஆழமான பள்ளம். நடுவில் கல் முட்டு முட்டாக நிற்கும். பிறகு அந்த முட்டைத் தட்டிப் பெயர்த்துவிடுவது. அடுத்த அடுக்குக்கு மறுபடியும் கோடு, மறுபடியும் பள்ளம்.

இதில் என்ன பெரிய புத்தி என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுரம் 12 அங்குலம், பள்ளம் 2 அங்குல அகலம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மொத்தப் பரப்பு 144. நடுவில் நிற்கும் முட்டு 10-க்கு 10, ஆக 100. உளியால் பொடியாக்க வேண்டியது மீதி 44 மட்டுமே. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. மற்றது சம்மட்டி அடியில் தானாக வந்துவிடும். கல்லைப் பொடியாக்குவதுதான் உழைப்பு. உளி மழுங்குவதும் அதில்தான். குறைவாகப் பொடியாக்கி நிறையக் கழிப்பது எப்படி என்பதே அவர்கள் போட்ட திட்டம்.

இன்னொன்று, மேலிருந்து கீழே வந்தது. தருமராஜ ரதத்தின் மேல்தளங்கள் நிறைவு பெற்றிருக்க, அடித்தளம் அரைகுறையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே வேலை செய்பவன் நிற்பதற்கு, கீழே வெட்டாத பாறையே சாரம். மேலிருந்து விழும் சில்லு, முடிந்த சிற்பத்தின் மூக்கை உடைக்காது. ஏனென்றால் கீழே இன்னும் சிற்பமே இல்லை. அடி கனமாக இருக்கும்வரை கல் அதிராது. மூன்று காரியம், ஒரே வரிசை.

எதை விட்டு வைப்பது

அவ்வளவு தூரம் போவானேன், சின்ன காஞ்சிபுரத்துக்குப் போவோம். வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தின் மூலைகளில் கல் சங்கிலி தொங்குவதை நாம் எல்லோரும் சிறுவயதிலேயே அண்ணாந்து பார்த்தவர்கள். விஜயநகர காலத்து வேலை. ஒரே கல்லில் வளையத்துக்குள் வளையம்.

அதைச் செய்தவன் முதல் நாள் உளி வைக்கும்போதே கடைசி நாளை யோசித்திருக்க வேண்டும். பருவெட்டில் ஒரு விரற்கடை கூடுதலாக எடுத்துவிட்டால் எந்த நுண்வெட்டும் அதைத் திருப்பிக் கொடுக்காது. மண்பாண்டத்தில் மண்ணை ஒட்டலாம், நெசவில் அறுந்த இழையைப் பிணைக்கலாம், கல்லில் முடியாது. வளையங்கள் கனமாக, ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு இருக்கும்வரை அடி தாங்கும். அவற்றைப் பிரிப்பது கடைசியில்தான் இருக்க முடியும்.

பருவெட்டு என்றால் எடுப்பது என்று நினைத்திருந்தேன். எதை, எவ்வளவு, எதுவரை எடுக்காமல் விடுவது என்று தீர்மானிப்பதே பருவெட்டு.

அட்டையில் ஓட்டை

1979-இல் படிப்பு முடிந்ததும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு டூல் ரூமில் பயிற்சியாளனாகச் சேர்ந்தேன். முதல் ஒரு வருடம் எனக்குக் கிடைத்தது முழுக்கப் பருவெட்டு வேலை. கையால் சக்கரம் சுற்றும் மில்லிங் மெஷின். கட்டியைக் குடைந்து அரை மில்லிமீட்டர் மிச்சம் வைத்து போர்மேனிடம் கொடுக்க வேண்டும். அந்த அரை மில்லிமீட்டரை அவர் எடுப்பார். வேலை அவர் பெயரில் போகும். மனசுக்குள் திட்டுவேன்.

ஒரு நாள் கேட்டே விட்டேன். "சார், எனக்கு எப்போ ஃபினிஷிங் தருவீங்க?"

"தம்பி, நீ வெட்டும்போது சத்தம் கேக்குதா? சத்தம் மாறுறதுக்கு முன்னாடியே உன் கை குறையுதே, அது என்னிக்கு வருதோ அன்னிக்குத் தரேன்."

பின்னர் எண்களால் இயங்கும் இயந்திரங்கள் வந்தன. நான் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பையன் என்பதால் எனக்கு அது புதிதாகவே தோன்றவில்லை. எங்கள் சித்தப்பா ஜக்கார்டு அட்டை குத்துபவர். கட்டம் போட்ட தாளில் அன்னப்பட்சியை வரைந்து, ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அட்டையில் ஓட்டை போடுவார். ஓட்டை இருக்கும் இடத்தில் பாவு இழை மேலே எழும். இல்லாத இடத்தில் எழாது. எழுத்தே இல்லாத கட்டளை. பிரான்ஸ் நாட்டு ஜக்கார்டு 1804-இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எண்ணுவதற்கு ஹோலரித் என்பவரும் ஓட்டை போட்ட அட்டைகளையே பயன்படுத்தினார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் நம் விஷயத்துக்கு நேரடிச் சம்பந்தம். 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார். இறக்கையின் வளைவுக்கு அச்சுத் தகடு வேண்டும். அவரும் ஃபிராங்க் ஸ்டூலன் என்ற பொறியாளரும், அட்டை படிக்கும் கணக்கு இயந்திரத்தைக் கொண்டு வளைவின் மேல் 200 புள்ளிகளைக் கணக்கிட்டார்கள். புள்ளி புள்ளியாகக் கட்டரை இறக்கி வெட்டிவிட்டு, நடுவில் மிஞ்சிய சிறு மேடுகளை அரத்தால் ராவினார்கள். புள்ளி வெட்டு பருவெட்டு, அரம் நுண்வெட்டு. மாமல்லபுரத்துப் பள்ளமும் முட்டும் ஞாபகம் வருகிறதா? பின்னர் அமெரிக்க விமானப்படையின் ஆதரவில் எம்.ஐ.டி. அந்த வேலையை எடுத்துக்கொண்டு, 1952-இல் ஓட்டை போட்ட காகித நாடாவைப் படித்துத் தானே வெட்டும் மில்லிங் மெஷினைச் செய்து காட்டியது. இன்றைய சி.என்.சி.யின் தொடக்கம் அதுவே.

வீட்டு மேசைக்கு வந்த இயந்திரம்

நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு சி.என்.சி. வாங்குவதென்றால் முதலாளி வங்கிக்கு நடையாய் நடப்பார். இன்று அது மேசைமேல் வந்துவிட்டது. ஆர்டுயினோ என்ற சிறு மின்பலகை 2005-இல் இத்தாலியில் பிறந்தது. அதன் மேல் ஓடும் கிரெபல் என்ற இலவசக் கட்டுப்பாட்டு மென்பொருளை நார்வேக்காரர் ஒருவர் 2009-இல் வெளியிட்டார். இரண்டு அலுமினியச் சட்டம், மூன்று ஸ்டெப்பர் மோட்டார், ஒரு சின்னச் சுழல் மோட்டார், முடிந்தது கதை. ஓய்வு பெற்ற பிறகு நானும் ஒன்று வாங்கினேன். "இந்த வயசுல இது எதுக்கு?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

அப்பா காலமான பிறகு குழித்தறியைப் பிரித்தபோது படமரத்தை மட்டும் நான் எடுத்து வைத்திருந்தேன். நெய்த புடவையைச் சுருட்டும் மரம். நல்ல தேக்கு. நாற்பது வருடம் அப்பாவின் மடியை ஒட்டியே இருந்த கட்டை. ஒரு முகம் கண்ணாடி போல வழவழவென்று தேய்ந்திருந்தது. அதில் ஓர் அடி நீளம் அறுத்து, சித்தப்பாவின் பழைய கட்டத்தாளில் இருந்த அன்னப்பட்சியைப் புடைப்புச் சிற்பமாக வெட்டி, அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கொடுப்பதாக எண்ணம்.

180 மில்லிமீட்டர் நீளம், 90 அகலம், 15 ஆழம். கட்டர் 6 மில்லிமீட்டர். போகும் வேகம் நிமிடத்துக்கு 900 மில்லிமீட்டர். ஒவ்வொரு வரியும் 2 மில்லிமீட்டர் தள்ளி, அடுக்குக்கு 1.5 மில்லிமீட்டர் ஆழம் என்று போட்டால் 45 வரி, 10 அடுக்கு, 81 மீட்டர் பயணம், ஒன்றரை மணி நேரம். "தேக்குதானே, இரும்பா?" என்று தோன்றியது. கட்டரின் முழு 6 மில்லிமீட்டர் அகலத்துக்கும், அடுக்குக்கு 5 மில்லிமீட்டர் ஆழமும் கொடுத்தேன். 15 வரி, 3 அடுக்கு, 9 நிமிடம்.

நாலாவது நிமிடத்தில் சத்தம் மாறியது. என் காதுக்குக் கேட்டது. கை போக இடமில்லை. கட்டர் ஓர் உள்மூலையில் செங்குத்தாக இறங்கிச் சிக்கியது. சட்டம் வளைந்தது. ஸ்டெப்பர் மோட்டார் சில படிகள் தவறியது. இந்தச் சிறு இயந்திரங்களில் தான் எங்கே நிற்கிறோம் என்று திரும்பிப் பார்க்கும் ஏற்பாடு கிடையாது. இத்தனை படி போகச் சொன்னால் போய்விட்டதாகவே நம்பிக்கொள்ளும். மூன்று மில்லிமீட்டர் தள்ளி நின்றுகொண்டு, சரியான இடத்தில் இருப்பதாக நினைத்து, அன்னத்தின் கழுத்தை ஒரே கோடாக அறுத்துக்கொண்டு போனது. சுவிட்சை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 81 நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய், அப்பாவின் மரத்தைக் கெடுத்தேன். குறை இயந்திரத்தினுடையது அல்ல.

மறுபடியும் மாமல்லபுரம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மாமல்லபுரம் போனேன். நேரே பிடாரி ரதம். பேராசிரியர் நின்ற அதே இடத்தில் நின்று, "எப்படி ஆரம்பிச்சான்?" என்று கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டதை இளைய மாணவர்களுக்காகத் தருகிறேன். இன்று பல கல்லூரிகளில் இப்படி இயந்திரம் வந்துவிட்டது, உதவும்.

முதலாவது, பொடியாக்க வேண்டாததைப் பொடியாக்காதே. கைரம்பத்தில் அறுத்துத் தள்ளக்கூடிய மூலையை இயந்திரத்துக்குக் கொடுக்காதே. பெரிய ஓட்டை வேண்டுமென்றால் முழுவதையும் துருவாமல் சுற்றிலும் பள்ளம் போட்டு நடுவை எடு. கடைசியில் துண்டு விடுபட்டுப் பறக்காமல் இருக்க இரண்டு மூன்று இடத்தில் சிறு பிடிப்பு விட்டு வை.

இரண்டாவது, கட்டர் எவ்வளவு கடிக்கிறது என்று பார். முழு அகலத்துக்கு வெட்டும்போது கட்டரின் வட்டத்தில் பாதி, அதாவது 180 பாகை, மரத்துக்குள் இருக்கிறது. பாதி அகலம் எடுத்தால் 90 பாகை. பத்தில் ஒரு பங்கு எடுத்தால் சுமார் 37 பாகைதான். ஆனால் ஏமாந்துவிடாதே. நேர்கோட்டில் 90 பாகையாக இருப்பது உள்மூலைக்குள் நுழைந்ததும் 180-ஐத் தொடும். கட்டர் உடைவதும் மோட்டார் படி தவறுவதும் அங்கேதான். மூலையில் சிறு வட்டங்களாகச் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்கும்படி பாதை போடு. இன்றைய மென்பொருள்கள் கடியை ஒரே அளவாக வைத்துப் பாதை போட்டுத் தரும். ஆனால் எவ்வளவு கடி என்ற எண்ணை நீதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, செங்குத்தாக இறங்காதே. பல கட்டர்களுக்கு நடுப்பகுதியில் வெட்டும் பல் கிடையாது. சாய்வாகவோ திருகுப் படிக்கட்டு போலவோ இறக்கு. முடிந்தால் பக்கத்திலிருந்து உள்ளே வா.

நான்காவது, மெலிந்த பாகத்தைக் கடைசிவரை கனமாக வைத்திரு. கழுத்தின் ஒரு பக்கத்தை முழு ஆழத்துக்கு முடித்துவிட்டு மறுபக்கம் போகாதே. அடுக்கு அடுக்காக, எல்லாப் பக்கமும் சமமாக, மேலிருந்து கீழே வா. எல்லா இடத்திலும் அரை மில்லிமீட்டராவது நுண்வெட்டுக்கு விடு. பெரிய கட்டர் நுழையாத மூலைகளை அதிலேயே திணிக்காமல் சின்னக் கட்டருக்கு விடு.

இந்த நாலும் நான் கண்டுபிடித்தவை அல்ல. கணக்கு மட்டும் நம் காலத்தது. யோசனை, முடியாத அந்தக் கல்லில் இருக்கிறது.

படமரத்தில் இன்னும் ஓர் அடி பாக்கி இருந்தது. இந்த முறை ஒன்றரை மணி நேரத் திட்டம்தான். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன். கழுத்தில் மட்டும் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக விட்டேன். கல்யாணத்தன்று அண்ணன் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. கழுத்து கொஞ்சம் தடியா இல்ல?" என்றார். ஆமாம் என்று சொன்னேன். அடிப்பக்கத்து வழவழப்பைத் தடவிப் பார்த்தவர் அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

ஒரு கவலை

1957-இல் மாமல்லபுரத்தில் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகிழ்ச்சியே. ஆனால் அந்த ஊர்த் தெருக்களில் இப்போது உளிச் சத்தத்துக்குச் சமமாக அறுப்பு மெஷின் சத்தமும் கேட்கிறது. பருவெட்டை மெஷின் செய்கிறது. நுண்வெட்டைப் பெரியவர் செய்கிறார். தூசியும் முதுகு வலியும் குறைந்தால் நல்லதுதான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் பையன் எங்கே கற்பான்? நான் திட்டிக்கொண்டே செய்த அந்த ஒரு வருடப் பருவெட்டுதான் எனக்குக் காதைக் கொடுத்தது. எந்தத் தொழிலிலும் சின்னவர்களுக்குக் கிடைத்த முதல் படி அந்தக் கடின வேலைதான். அதை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, படி இல்லாத மாடியில் பிள்ளைகளை ஏறச் சொல்கிறோம்.

ஆகவே இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். மென்பொருள் பாதை போட்டுக் கொடுத்ததும் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். அந்தப் பாதையை ஒரு தரம் தாளில் நீங்களே வரைந்து பாருங்கள். ஒரு மரத்துண்டையாவது கையால் உளி பிடித்து வெட்டிப் பாருங்கள். அப்புறம் இயந்திரத்துக்குக் கட்டளை இடுங்கள்.

ஒரு யோசனையும் உண்டு. அடுத்த சந்திப்புக்கு விருந்தோடு நிறுத்தாமல், ஒரு பஸ் பிடித்து மாணவர்களையும் ஏற்றிக்கொண்டு வலையன்குட்டை ரதத்துக்குப் போய் வருவோமா? வழி எனக்குத் தெரியும். பேராசிரியர் கேட்ட கேள்வியை நாம் கேட்போம்.

கழுத்து அறுந்த அன்னம் இன்னும் என் மேசையில் இருக்கிறது. பார்க்க விரும்பும் நண்பர்கள் வீட்டுக்கு வாருங்கள், காப்பி உண்டு.